கொசுறுச் செம்பு

ஏலக்காய்க் கடையில் மாதிரி கொடுத்தால் திருப்பிக் கேட்கக் கூடாது. போடியில் நான் வளர்ந்த தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். மலையிலிருந்து மூட்டை இறங்கியதும் அப்பா அதன் வாயைப் பிரித்து மேலே ஒரு பிடி, நடுவே ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்துத் தட்டில் பரப்பி வைப்பார். வாங்க வருகிறவர்கள் அள்ளிப் பார்ப்பார்கள், உரிப்பார்கள், ஒன்றிரண்டைக் கடிப்பார்கள். கொஞ்சத்தைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டும் போவார்கள். சரக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தப் பொட்டலம் போனது போனதுதான். என் மாதிரி என்ன ஆயிற்று என்று ஒருவன் கேட்டால், தன் சரக்கின் மேல் அவனுக்கே நம்பிக்கை இல்லை என்று கடைத்தெரு முடிவு கட்டிவிடும்.

இந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நான் இயற்பியலுக்குள் போனேன். அதுதான் நடந்தது.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் யாரும் இல்லை. அப்பா அந்த ஏலக்காய்க் கடையில் கூலிக்கு மூட்டை பிரிப்பார், எடை போடுவார், மாதிரி எடுத்து வைப்பார். அம்மா அதே கடையின் பின்கட்டில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்குவார். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. கடை முதலாளியின் இளைய மகனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கடைக்குள் அவன் எனக்கு ‘நீங்க’. வாசற்படி தாண்டினால் ‘டேய்’. இரண்டுக்கும் நடுவே நான் தடுக்கி விழுந்ததே இல்லை. கல்லூரியிலும் சேர்ந்தே படித்தோம். எம்.எஸ்ஸி. முடிந்ததும் அவன் வடக்கே ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்துக்குப் போனான். எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எண்பதுகளின் முதல் பாதி அது.

என் ஆய்வுப் பொருள் ஓர் உலோகம். சீரியம் ஒரு பங்கு, செம்பு இரண்டு பங்கு, சிலிக்கன் இரண்டு பங்கு. சிகரெட் லைட்டரில் பொறி பறக்கிறதே அந்தக் கல், அதில் பாதி சீரியம்தான் என்று சொன்னபோது மட்டும் அப்பா ஆர்வமாகக் கேட்டார். மற்றதை நான் அவருக்கு இப்படிச் சொன்னேன். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சந்தை நாளில் ஒரு ஆள் கடைத்தெரு வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றால் விறுவிறுவென்று போய்விடுவான். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, பிள்ளை எப்படி இருக்கு, மாடு கன்று போட்டதா என்று விசாரித்தால்? ஆள் அதே ஆள்தான், ஆனால் நகர முடியாது. நூறு ஆள் கனம் கனத்துவிடுவான். சீரியம் அணு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காந்தம். குளிர்ச்சி கூடக் கூட அது தன்னைக் கடந்து போகும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துப் பேசுகிறது. அதனால் இந்த உலோகத்தின் எலக்ட்ரான்கள் மற்ற உலோகங்களில் இருப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கனமாக நடந்துகொள்கின்றன.

‘அதுல என்ன பிரயோசனம்’ என்று அப்பா கேட்டார். பிரயோசனம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆச்சரியம் இருந்தது. மிகுந்த குளிரில் சில உலோகங்களில் மின்தடை முழுவதுமாக மறைந்துபோகும். அதற்கு மீக்கடத்தல் என்று பெயர். காந்தம் அதற்குப் பரம விரோதி. நல்ல மீக்கடத்தியில் துளி காந்த அசுத்தம் கலந்தால் போதும், பால் திரிந்த மாதிரி எல்லாம் கெட்டுவிடும். ஆனால் இந்த உலோகத்தில் வரிசைக்கு வரிசை காந்தம்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் கடைசிக் குளிரில், அதற்குக் கீழே குளிரே இல்லை என்கிற அந்தத் தனிப் பூஜ்யத்துக்கு அரை டிகிரி மேலே, தடை மறைகிறது. அந்தக் கனத்த எலக்ட்ரான்களே ஜோடி சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகின்றன. வெளிநாட்டில் இதைக் கண்டுபிடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பலர் நம்பவில்லை. காரணம், ஒரே பக்குவத்தில் செய்த துண்டுகளில் ஒன்று மீக்கடத்தல் காட்டும், பக்கத்துத் துண்டு காட்டாது, வெறும் காந்தமாக நின்றுவிடும். ஏன் என்பதுதான் எனக்குக் கிடைத்த கேள்வி.

நான் செய்த முதல் துண்டுகள் எல்லாம் காந்தமாகவே நின்றன. மின்வில் உலையில் உருக்குவேன், புரட்டிப் போட்டு மறுபடி உருக்குவேன், குவார்ட்ஸ் குழாயில் அடைத்துப் பல நாள் சூட்டில் வைப்பேன். உருக்கும்போது செம்பு கொஞ்சம் ஆவியாகிப் போகிறது என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் தராசின் முன்னால் நிற்கும்போது அப்பாவின் கை ஞாபகம் வந்தது. எடை சரியாக நின்ற பிறகும் அவர் இரண்டு விரலால் கொஞ்சம் காய் எடுத்து மேலே போடுவார். அது கொசுறு. அது இல்லாமல் எடை முடிந்ததாக அவருக்கு மனசு ஒப்பாது. நானும் செம்புத் தூளில் ஒரு சிட்டிகை கூடப் போட்டேன். அந்தக் குழாயின் மேல் ‘கொ’ என்று எழுதி ஒட்டினேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் திரவ ஹீலியத்தின் ஆவியை உறிஞ்சிக் குளிரவைத்து, பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே வரைக்கும்தான் இறங்க முடியும். அதுவரைக்கும் கொசுறுத் துண்டு மற்றவற்றைப் போல இல்லை. மற்றவை எங்கே காந்தமாக ஒழுங்குபட ஆரம்பித்தனவோ அங்கே இது ஒன்றும் நடக்காதது போலத் தாண்டிப் போனது. இன்னும் அரை டிகிரி கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க என்னிடம் கருவி இல்லை. வடக்கே போன அவனிடம் இருந்தது.

பொங்கல் லீவில் அவன் ஊருக்கு வந்தபோது தேனி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொசுறு என்றதும் டீ புரையேறச் சிரித்தான். “எங்க கடை வித்தையைக் கொண்டுபோய் அங்க காட்டியிருக்கடா மாப்ள” என்றான். பிறகு சிரிப்பு நின்றது. செம்பு எவ்வளவு கூட, எத்தனை நாள் சூடு என்று கேட்டான். எல்லாம் சொன்னேன்.

“ஒரு துண்டு குடு. எங்க மிஷின்ல இறக்கிப் பாத்துட்டு எழுதுறேன்.”

அப்பாவுக்குக் காட்ட எடுத்து வந்திருந்த ஒரு துண்டை, அவர் கடைத் தாளில், காய் மடிக்கிற மடிப்பில் மடித்துக் கொடுத்தேன். யார் பெயரில் வரும், எப்போது திருப்பித் தருவாய் என்று எதுவும் கேட்கவில்லை. கேட்கலாம் என்ற எண்ணமே தலைக்குள் வரவில்லை. திரும்பிப் போய் என் ஆசிரியரிடம் சொன்னபோது அவர், ஏதாவது எழுதி வாங்கினீர்களா என்றார். அவன் எங்கள் ஊர்க்காரன் சார் என்றேன். அந்த வருடத்தோடு என் உதவித்தொகை முடிகிறது, அரை டிகிரியில் மின்தடை விழுவதைக் காட்டும் வளைகோடு வந்துவிட்டால் ஆய்வேடு நிற்கும், இல்லையென்றால் ஏற்கெனவே தெரிந்த உலோகத்தை மறுபடி அளந்த கதைதான் என்று மட்டும் அவர் நினைவூட்டினார்.

அவனுக்கு இரண்டு கார்டு போட்டேன். மிஷினுக்குக் கூட்டம், முறை வரவில்லை என்று முதல் கார்டுக்குப் பதில் வந்தது. இரண்டாவதுக்குப் பதில் இல்லை. வயலுக்குத் தண்ணீர் முறை வரக் காத்திருக்கும் பள்ளத்தாக்குக்காரனுக்கு அது பெரிய காத்திருப்பாகத் தோன்றவில்லை.

கோடையில் நான் ஊருக்கு வந்திருந்த சமயம், நாங்கள் படித்த கல்லூரியில் அவனைப் பேச அழைத்திருந்தார்கள். முதலாளி வேன் பிடித்துக் கடை ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிப் போனார். பொறுக்கும் பெண்கள்கூடத் தலைக்குப் பூ வைத்து வந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். வாசலில் அவன் என்னைப் பார்த்து, “வந்துட்டியா, முன்னாடி ஒக்காரு” என்றான். அந்த ஒரு சொல்லை நான் எவ்வளவு பெரிதாக வளர்த்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பேச்சு நடுவே என்னை எழுப்பி நிறுத்தப் போகிறான் என்றே நம்பினேன். அப்பா முன்னால் வர மறுத்துவிட்டார். கடை ஆட்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூப்பிட்டால் நடந்து போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவன் நன்றாகவே பேசினான். ஆங்கிலத்தில் தொடங்கி, கூட்டத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினான். கடைத்தெருவில் நடக்கிறவனைக் கையைப் பிடித்து நிறுத்தும் உதாரணத்தை அவன் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். நாங்கள் பேசிப் பேசிச் செய்தது அது. பிறகு திரையில் இரண்டு வளைகோடுகள் விழுந்தன. ஒன்று மேலேயே நின்றது. மற்றது அரை டிகிரிக்குப் பக்கத்தில் சரேலென்று கீழே விழுந்து பூஜ்யத்தில் படுத்தது.

அது என் துண்டு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவ்வளவு அழகாக விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கியது. கை தட்ட வேண்டும் போல் இருந்தது.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் கூட்டத்தைக் கேட்டான். தானே பதிலும் சொன்னான். “எங்க அப்பா கடையில எடை போட்ட பெறகு ஒரு சிட்டிகை மேல போடுவாக. கொசுறு. இதுல நான் செம்பைக் கொசுறு போட்டேன். அம்புட்டுத்தான்.”

அரங்கம் சிரித்தது. முதலாளி திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கடையில் எடை போடுவது அவர் அல்ல என்பது கடைசி வரிசைக்குத் தெரியும். அப்பா மெல்ல என் பக்கம் திரும்பினார். பொங்கலுக்கு வந்தபோதே கொசுறு கதையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். தன் இரண்டு விரலை அப்போது தானே பார்த்துக்கொண்டார். இப்போது என்னைப் பார்த்தார்.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று இதை வெளியிட ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அறிவித்து அவன் நன்றி சொல்லத் தொடங்கினான். அவனுடைய ஆசிரியர், குளிர்க் கருவியைக் கவனித்துக்கொண்டவர், கல்லூரி, பெற்றோர். முடிந்தது. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். ஒப்புக்குத் தட்டியது இல்லை அது, சத்தமாகவே தட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பாவிடம் கேட்டேன், அது யாருடையது என்று தெரிந்தும் எதற்குத் தட்டினீர்கள் என்று. மொதலாளி பாத்துக்கிட்டிருந்தாக என்றார். கொஞ்சம் பொறுத்து, சின்ன மொதலாளி பேர் எடுத்தால் நமக்கும் பெருமைதானே என்றார். நமக்கு என்ற சொல்லை எதற்குப் போட்டார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்க்காமல் உள்ளே போனார்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். அவன் முதலாளியின் மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அப்பா மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் பெண்கள் வேலையில் இருந்தார்கள்.

“என் துண்டு எங்க?” என்றேன்.

“எந்தத் துண்டு?”

“தேனி பஸ் ஸ்டாண்டுல குடுத்தது.”

அவன் பேப்பரை மடித்தான். “மாதிரியைக் குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்டா” என்றான், பின்கட்டுக்கும் கேட்கும்படி. இரண்டொரு பெண்கள் சிரித்தார்கள். என் அம்மா அங்கேதான் இருந்தார்.

நான் சொல்ல நினைத்திருந்தது வேறு ஏதேதோ. வாயில் வந்தது கடைப் பேச்சுதான். “மாதிரியை யாரும் திருப்பிக் கேக்கல. தட்டுல இருந்து எடுத்துட்டுப் போனவுக, இது என் தோட்டத்துக் காயின்னு சொன்னா, இந்தக் கடையில விடுவீகளா? நீ விடுவியா?”

அவன் முகம் மாறியது. குரலைத் தணித்து, அங்கே வழக்கம் வேறு, அளந்தவன் பெயர்தான் கட்டுரையில் போகும், முடிவு செய்தது தன் ஆசிரியர், தான் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விளக்கினான். எனக்கு அதில் பாதி உண்மையாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது. பெரிய இடங்களில் அப்படி நடப்பதாக நானும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

“கொசுறுன்னு மேடையில சொன்னது உங்க சாரா?”

அவன் பேப்பரை மறுபடி விரித்தான். அப்போதுதான் அப்பா கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டே எங்கள் நடுவில் வந்து நின்றார். அவர் என் பக்கம் திரும்பி நிற்பார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“ஏலே, கடைக்குள்ள நின்னு நீ, வா, போங்குற. நீங்கன்னு சொல்லு” என்றார் என்னிடம். அவனிடம் திரும்பி, “சின்ன மொதலாளி, பய புத்தி கெட்டுப் பேசிட்டான். மனசுல வச்சுக்கிறாதீக” என்றார்.

அவன் எனக்குச் செய்ததை என்னால் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. அப்பா அங்கே செய்ததற்கு இன்றுவரை எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. அந்தக் கடைக் கூலியில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. மீதித் துண்டு அங்கே கிடக்கிறது, அனுப்பி வைக்கிறேன் என்று அவன் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னான். அது வரவில்லை.

என் ஆசிரியர், முறையிடலாம்தான், ஆனால் எதைக் காட்டி முறையிடுவது என்று கேட்டார். கொடுத்ததற்கு ஒரு தேநீர்க் கடை பெஞ்சு மட்டுமே சாட்சி. நான் என்னிடம் மிச்சமிருந்த துண்டுகளை எடுத்து, எங்கள் கருவி இறங்குகிற ஆழம் வரைக்கும் திரும்பத் திரும்ப அளந்தேன். செம்பு குறைந்தால் காந்தம் எங்கே வருகிறது, கொஞ்சம் கூடினால் எப்படி மங்குகிறது என்பதை யாரும் மறுக்க முடியாதபடி வரைந்தேன். காந்தம் மட்டும் என் பங்குக்கு வந்தது. மீக்கடத்தல் அந்த அரை டிகிரிக்குக் கீழே, அவன் பெயரில் இருந்தது. ஆய்வேட்டில் அந்த இடம் வந்தபோது நான் எழுத வேண்டியிருந்த வாக்கியம் இது: செம்பு சற்றே மிகுந்த துண்டு மீக்கடத்தல் காட்டுவது ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுள்ளது. பக்கத்தில் ஓர் எண். கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு நேரே அவன் பெயர். என் கொசுறுக்கு நானே அவனைச் சாட்சி வைத்தேன்.

ஒரு வருடம் தள்ளிப்போய் ஆய்வேடு முடிந்தது. நீலத் துணி அட்டை போட்ட ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தேன். கனம் பார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்த்தார். உன் பெயர் எங்கே என்று கேட்டு, அட்டையில் தங்க எழுத்தைத் தடவினார். பிறகு, “இதுல சின்ன மொதலாளி பேரும் இருக்காம்ல, அவுக அப்பா சொன்னாக. அது எங்கன இருக்கு?” என்றார்.

கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். அந்த வரியின் மேல் விரலை வைத்து, மொதலாளிக்குக் காட்டணும், சந்தோசப்படுவாக என்றார். அந்தப் பக்கத்திலேயே விரலைக் கொடுத்து மூடி, புத்தகத்தைத் தோள் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார்.

சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தார். மொதலாளி மேசை மேல வச்சிருக்காக, வர்றவுக போறவுகளுக்கெல்லாம் மகன் பேரைக் காட்டுறாக, அங்கனயே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் நான் கடைக்குப் போய், எல்லோருக்கும் முன்னால், அதைத் திருப்பிக் கேட்டு வாங்கிவந்தேன். நான் ஊரிலிருந்து பஸ் ஏறும் வரை அப்பா என்னோடு பேசவில்லை.